டைரக்டரு புடிச்ச பனிப் படம்

ஏண்டி, ஒனக்கு வேற சோலியே இல்லையா? காலங்காத்தால கையில போன் ஒண்ண நீட்டிக்கிட்டு வந்து, "பாட்டி, டைரக்டர பத்தி சொல்லுங்க"ன்னு நிக்கிற. அடுத்தவன் வீட்டுக் கதைன்னா மட்டும் காது இம்புட்டு நீளம். தெரிஞ்சு என்ன செய்யப் போற? சரி, வந்தது வந்துட்ட, உக்காரு.

மடுல்சீமை மலையில அவன மாதிரி ஒரு கிறுக்கன் பொறந்ததும் இல்ல, இனி ஒருத்தன் பொறந்தா இந்தத் தோட்டம் தாங்காது. தேயிலக் கொழுந்து ஏத்துற லொறி ஓட்டுறவன். அவன் பேரு பெத்தவளுக்கே மறந்து போச்சு, எல்லாருக்கும் டைரக்டருதான். போன்ல நாடகம் புடிச்சு யூடியூப்ல போடுவான். கதைன்னு ஒண்ணு கையில இருக்காது. ஒரு எடத்துல போய் நின்னுக்கிட்டு, ஆடு வாங்க வந்தவன் மாதிரி சுத்திச் சுத்திப் பாப்பான். இந்த எடத்துல ஒரு மனுசன் என்ன செய்வானோ, அதுதான் கதையாம். எடம் சொல்றபடி ஆளு ஆடணுமாம்.

ஒருக்கா காதல் கட்டம் புடிக்கிறேன்னு, நாம தண்ணி புடிக்கிற பீலிக்குப் போனான். காலையில தண்ணிக்கு எம்புட்டுக் கூட்டம் நிக்கும்? கதாநாயகன் கொடத்தப் புடிச்சுக்கிட்டு, "ஒன்னப் பாத்த நாள்லருந்து"ன்னு இழுத்தான். பின்னாடி நின்ன மாரியாயி, "தம்பி, கொடம் ரொம்பிருச்சு. மிச்சத்த அந்தாண்ட போய்ச் சொல்லு"ன்னுட்டா. இவனுக்கு ஒரே சந்தோசம். கொடம் ரொம்புறதுக்குள்ள சொல்லி முடிக்கிறதுதான்டா காதல்னு அப்படியே போட்டுட்டான். அதுக்குப் பொறவு அவன் கதாநாயகன்ங்க எல்லாரும் அவசரமாத்தான் காதலிச்சானுங்க.

சண்டைக் கட்டம் மழை விட்டதும் தேயிலைக்குள்ள. அடி விழுகறதுக்கு முந்தியே வில்லன் துள்ளுறான். அட்டை. அடிக்க வந்தவன் குனிஞ்சு இவன் கால்ல அட்டையப் புடுங்க, இவன் அவன் கால்ல புடுங்க, ரெண்டு பேரும் ராசியாயிட்டானுங்க. அதையும் அப்படியே போட்டான்.

இம்புட்டும் யாருக்குன்னு நெனைக்கிற? அவன் பொஞ்சாதி செல்வி குவைத்துல வீட்டு வேலைக்குப் போயிருந்தா. அவ பாத்துச் சிரிக்கணும், அம்புட்டுத்தான். அவ கெடு முடியிற நேரம் வந்துச்சு. வேல செய்ற வீட்டுக்காரி, இன்னும் கொஞ்ச காலம் இருந்துட்டுப் போன்னு கேட்டுருக்கா. செல்வி இவனுக்கு போன் போட்டு, நான் என்ன செய்யட்டும்னா. இந்த மடையன், "ஒன் இஷ்டம்"னுட்டான். ஊருக்கெல்லாம் வசனம் சொல்லிக் குடுக்குறவனுக்கு, பொஞ்சாதிய வான்னு கூப்புட வாய் வரல. வெள்ளிக்கிழம அவ பதில் சொல்லணும். இருக்கேன்னு சொல்லிட்டாள்னா போச்சு.

அப்பத்தான் என்கிட்ட வந்து நின்னான். செல்வி திரும்பி வர்ற மாதிரி ஒரு படம் புடிக்கணுமாம், நான்தான் செல்வியாம்.

"ஏண்டா, பல்லு இருக்கவ ஒருத்தியும் கெடைக்கலையா?"

"வேற பொம்பளையப் போட்டா அவ கொன்னுருவா பாட்டி. ஒங்களப் போட்டா சிரிப்பா."

நியாயந்தான். அவ சேலைய உடுத்திக்கிட்டுப் போனேன். மொதல்ல பீலி. இவன் வாயத் தொறந்தபடி நிக்க, கொடம் ரொம்பி வழிஞ்சு எங் காலு நனைஞ்சதுதான் மிச்சம். பொறவு லொறி. இஞ்சின் சத்தத்துல வெக்கம் தெரியாதுன்னு, "வா"ன்னு ஒரு கத்து கத்துனான். அவன் நாயி ஓடி வந்துச்சு.

கடைசியா ரோட்டு வளையிற மேல் முடக்குக்குக் கூட்டிட்டுப் போனான். அதுக்கு இங்கிட்டு ரோட்டு சரியில்ல, பஸ்ஸு வராது. வெளிநாட்டுலருந்து வந்தாலும் அங்கதான் எறங்கி நடக்கணும். படம் புடிக்கிற போன் அத ஒரு தேயிலச் செடியில சொருகி வச்சான். நான் பையத் தூக்கிக்கிட்டு நடந்து வர்றேன், பனி எறங்குது பாரு, அவன் நிக்கிற எடமே தெரியல. என் கையே எனக்குத் தெரியல. சரிடா, வீட்டுக்குப் போவோம்னு சொல்ல வாயெடுத்தேன், பனிக்குள்ளருந்து அவன் கொரலு வருது.

"செல்வி, வந்துரு. இஷ்டம்னு சொன்னதெல்லாம் பொய்யி. வேல விட்டு வந்து கதவத் தொறக்கவே புடிக்கல."

மொகம் தெரியாத எடத்துலதான் அவனுக்கு வாயி வந்துச்சு. என் மொகமும் அவனுக்குத் தெரியல, நல்லதாப் போச்சு. நான் செல்வியாச்சே, பதில் சொல்லணுமே. மூக்க ஒரு உறிஞ்சு உறிஞ்சிட்டு, "வர்றேங்க. மொதல்ல இந்தப் பைய வாங்குங்க, கை வலிக்குது"ன்னேன்.

அந்தப் படத்த யூடியூப்ல போடல. செல்விக்கு மட்டும் அனுப்புனான். பாத்தா வெறும் வெள்ளை, சத்தம் மட்டுந்தான். அவ அன்னைக்கே வீட்டுக்காரிகிட்ட முடியாதுன்னு சொல்லிட்டாளாம்.

அவ வந்த அன்னைக்கு லயத்து வீட்டுச் சனம் பூரா அந்த முடக்குல நின்னுச்சு. பொட்டுப் பனி இல்ல, சுள்ளுன்னு வெயிலு. இவன் மரம் மாதிரி நிக்கிறான், போனத் தூக்கிப் புடிக்கக்கூட மறந்துட்டான். செல்வி அவன ஒரு பார்வ பாத்தா, என்னை ஒரு பார்வ பாத்தா. "பைய வாங்குங்க, கை வலிக்குது"ன்னா. வாங்கிக்கிட்டு முன்னால நடந்துட்டான்.

பக்கத்து வீட்டுப் பொம்பளைங்களுக்குப் பொறுக்கல. இம்புட்டுக் காலம் கழிச்சு வந்தவள வான்னு ஒரு வார்த்த கேக்கலையே, என்ன புருசன்னு பேசிக்கிட்டாளுக.

"அந்தப் பயல ஒண்ணும் சொல்லாதீங்கடி"ன்னேன். "அவளுக்குச் சொல்ல வேண்டியத எல்லாம் முன்னாடியே என்கிட்டச் சொல்லிட்டான். நானும் வர்றேன்னுட்டேன்."