கல்லேத்தித் தாட்ட வள்ளம்

சாகிறதுக்கு முன்னம் தன்ர பேரில ஒரு சாமானாவது இருக்கவேணும் எண்டு யோகலிங்கம் முடிவெடுத்தார்.

மனுசன்ர கவலை சின்னக் கவலை இல்லை. உருத்திரபுரத்தில பிறந்தவர், அகதி முகாமில சிவதர்சினியைக் கண்டு கட்டி, அவவின்ர ஊர் தண்ணீரூற்றுக்கு வந்தவர். வளவு மாமனார் ஏரம்பு விட்டிட்டுப் போனது. வீட்டுத்திட்ட வீடு சிவதர்சினி பேரில. மாதர் சங்கம் குடுத்த ரெண்டு மாடும் சிவதர்சினி பேரில. கரண்ட் பில்லும் ‘திருமதி’ எண்டுதான் வரும். செத்தா நோட்டீசில எண்டாலும் தன்ர பேர் வரும் எண்டு ஆறுதல்பட்டுப் பார்த்தார். அதிலயும் ‘சிவதர்சினியின் அன்புக் கணவர்’ எண்டெல்லோ போடுவினம்!

அந்த ஆவணியில கடலோரக் களப்பு வத்திச் சேறு வெடிச்சுக் கிடந்தது. சேத்துக்குள்ளால ஒரு மரக்கட்டை தலை நீட்டினது. மனுசன் தோண்டிப் பார்த்தா, முழுப் பாய்வள்ளம். உள்ளுக்கு நிறையக் கல்லு. சண்டை நேரம் சனம் விட்டிட்டு ஓடின சாமான்கள் அந்தக் கரை முழுக்கக் கிடக்கு. கேட்டு வர வேண்டிய ஆக்களில பாதிப்பேர் உயிரோட இல்லை.

யோகலிங்கம் குசினிக்கு ஓடினார்.

“இஞ்சேர், எனக்கொரு வள்ளம் கிடைச்சிருக்கு! ஆரோ விசரன் கல்லேத்தித் தாட்டிருக்கிறான்.”

அரிசி களைஞ்சுகொண்டிருந்த சிவதர்சினியின்ர கை ஒருக்கா நிண்டது.

“எவடத்தில?”

“கண்டல் மரங்களுக்கு அங்கால.”

“அதைத் தொடாதேங்கோ. சொல்லிப்போட்டன்.”

“ஏனப்பா?”

“வயல்காரனுக்கு வள்ளம் என்னத்துக்கு? வாய்க்காலில ஓட்டவோ?”

அது போதும். பதினாலு வருசக் குடித்தனத்தில மனுசி செய்யவேண்டாம் எண்ட எதையும் யோகலிங்கம் செய்யாமல் விட்டதில்லை. செய்யுங்கோ எண்ட எதையும் செய்ததுமில்லை. குசினிக் கூரை அஞ்சு வருசமா ஒழுகுது. அது செய்யச் சொன்ன வேலை.

நாலு மாசம் முறிஞ்சார். கல்லு முழுக்கத் தூக்கினார். வாடகை டிரக்டரில கயிறு கட்டி இழுத்தார். உக்கின பலகையைக் கழட்டிப் புதுப் பலகை அடிச்சார். இடுக்குகளுக்குப் பஞ்சு அடைச்சு, சுறா எண்ணெய் பூசினார். அந்த மணத்துக்குச் சிவதர்சினி ஆளை விறாந்தையில படுக்க விட்டா.

“பாய் ஒண்டு வேணும்.”

“விறாந்தையில கிடக்குதே, பன்பாய்.”

“படுக்கிற பாய் இல்லையடி, வள்ளத்துக்குப் பாய்!”

“ரெண்டிலயும் நீங்கள் படுக்கத்தானே போறியள்.”

இப்பிடிச் சொன்ன மனுசிதான் முகாமில கூரையாக் கட்டின தறப்பாளை வெட்டி, ரெண்டு நாள் குந்தியிருந்து பாய் தைச்சுக் குடுத்தா. அந்த இடத்தில சந்தேகப்பட்டிருக்க வேணும். பாவி மனுசன் சந்தேகப்படேல்லை.

மார்கழியில களப்பு நிரம்பினது. வானம் இருண்டு தூறிக்கொண்டிருந்தது. வள்ளத்தின்ர முன்பக்கம், அணியத்தில ‘யோகலிங்கம்’ எண்டு எழுதப் பெயிண்டோட நிண்டார். தேங்காயும் கற்பூரமும் கொண்டுவந்த சிவதர்சினி, வள்ளத்தைத் தடவிப்போட்டு விக்கி விக்கி அழத் தொடங்கினா.

“என்னடி?”

“அப்பான்ர வள்ளம்.”

“ஆற்ற?”

“அப்பான்ர. இடம்பெயர்ந்து வெளிக்கிட்ட அண்டு, எரிச்சுப்போடுவாங்கள் எண்டு அவர்தான் தாட்டவர். திரும்பி வந்து எடுப்பம் எண்டவர்.”

ஏரம்பு திரும்பி வரேல்லை. போற வழியில ஷெல் பட்டுச் செத்தவரை, றோட்டுக்கரையிலயே தாட்டுப்போட்டு வீட்டுக்காரர் நடந்தவை.

“உனக்கு இந்த இடம் தெரியுமோ?”

“கல்லுச் சுமந்ததே நான்தானே.”

“அப்ப ஏன் இவ்வளவு காலமும் வாய் திறக்கேல்லை?”

“எடுத்துத் தாங்கோ எண்டு கேட்டிருந்தா எடுத்திருப்பியளே?”

யோகலிங்கம் குசினிக் கூரையை நினைச்சார். மனுசியின்ர அழுகையைப் பார்க்க நெஞ்சு கரைஞ்சது. ஆனா நாலு மாசம் முறிஞ்சது ஒரு பேருக்காகவெல்லோ! வள்ளமும் போச்சோ எண்டு நினைக்க அவருக்கும் கண் கலங்கினது.

சிவதர்சினி சேலைத் தலைப்பால முகத்தைத் துடைச்சா.

“பறவாயில்லை. பாடுபட்டது நீங்கள். உங்கட பேரையே எழுதுங்கோ. அப்பான்ர பேரை மட்டும் எழுதிப்போடாதேங்கோ. சொல்லிப்போட்டன்.”

“நீ ஆரடி எனக்குச் சொல்ல?”

சீறிக்கொண்டு பிரஷைத் தோய்ச்ச யோகலிங்கம், ஊர் முழுக்கத் தெரியிற அளவு எழுத்தில ‘ஏரம்பு’ எண்டு எழுதினார். கடைசி எழுத்தும் எழுதி முடிச்சாப் பிறகுதான் மனுசனுக்கு விளங்கினது.