ஒன்பது தடவை வீடு திரும்பியவள்

"உள்ளங்கை அளவுகூட இல்ல. இதுல வீட்டுக்கு என்னங்க உபயோகம்?"

மனைவியின் இந்தக் கேள்விக்குப் பயந்துதான் ஜெராக்ஸ் மிஷின் மெக்கானிக் மூன்று நாளாகப் பார்சலைக் கருவிப் பைக்குள் ஒளித்து வைத்திருந்தார்.

"முழு கம்ப்யூட்டரும் இந்த ஒரே பலகையில அடக்கம்மா. நாலு கோர், எட்டு ஜி.பி. மெமரி. கேமரா மாட்டினா அரை செகண்டுல ஆளை அடையாளம் கண்டுபிடிச்சிடும். பழைய பலகையைவிட மூணு மடங்கு வேகம்!"

"பழசு இப்ப எங்க?"

"மேஜை டிராயர்ல."

"அப்ப இது மூணு மடங்கு வேகமா டிராயருக்குப் போயிடும்."

மனைவி கெடு வைத்தாள். ஒரு மாதத்துக்குள் வீட்டுக்கு ஓர் உபயோகம் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் பெட்டியோடு கடைக்குத் திரும்பிப் போகும்.

மெக்கானிக்குக்கு உடனே ஓர் உபயோகம் தோன்றியது. வெளியே சொல்லக்கூடியதாகத்தான் இல்லை.

மனைவி சனிக்கிழமைகளில் தையல் கடைக்கு வேலைக்குப் போவாள். அடுத்த மாதம் வீட்டு ஹாலிலேயே சொந்தமாகத் தையல் வகுப்பு தொடங்கப் போகிறாள். எட்டு வருஷ ஆசை. அதுவரை சனிக்கிழமைதோறும் ஹாலை ஒழித்துச் சுத்தம் செய்வது தன் பொறுப்பு என்று இவர் வாக்குக் கொடுத்திருந்தார். அதே சனிக்கிழமையைச் சோபாவுக்கும் கொடுத்திருந்தார்.

மாடிப்படித் திருப்பத்தில் கேமராவை மாட்டினார். மனைவியின் போட்டோ இருபதைக் காட்டி, பலகைக்கு அவள் முகத்தைப் பழக்கினார். கீழே அவள் முகம் தெரிந்ததும் டி.வி.க்குப் பக்கத்தில் பச்சை விளக்கு எரியும். அவள் மூன்று மாடி ஏறி வருவதற்குள் இவர் துடைப்பமும் கையுமாக நிற்பார்.

மூன்று சனிக்கிழமை பிசகில்லாமல் நடந்தது.

"எப்ப வந்தாலும் கூட்டிக்கிட்டே இருக்கீங்களே!"

"வேலை முடிஞ்சாத்தானே?"

மனைவி ஜன்னல் விளிம்பில் ஒரு விரலை இழுத்துப் பார்த்தாள். பிறகு விளக்கைப் பார்த்தாள். "அந்தப் பச்சை எதுக்குங்க?"

"பலகை நல்லா இருக்குன்னு அர்த்தம்."

"இருக்கட்டும், இருக்கட்டும்."

நான்காவது சனிக்கிழமை. மறுநாள் வகுப்பு. மெக்கானிக் காலை நீட்டிய இரண்டாவது நிமிடம் பச்சை எரிந்தது. இவ்வளவு சீக்கிரமா? பாய்ந்து எழுந்து கூட்டினார். யாரும் வரவில்லை. கீழ்வீட்டு அக்காவோடு பேசிக்கொண்டு நிற்கிறாள் போலும். உட்கார்ந்தார். பச்சை. ஈரத்துணியால் தரையைத் துடைத்தார். உட்கார்ந்தார். பச்சை. ஒட்டடை அடித்தார். பச்சை. ஜன்னல் விளிம்பைத் துடைத்தார். பச்சை. பழைய மிஷின் பாகங்களை மூட்டை கட்டிப் பரணில் ஏற்றினார். மின்விசிறியின் மூன்று இறக்கைகளுக்கும் மூன்று பச்சை.

பலகைக்கே சூடு ஏறிப் புத்தி பிசகிவிட்டதோ என்று திரையைப் பார்த்தார். "மனைவி: 98 சதவீதம்" என்று அது அடித்துச் சொன்னது. வேர்த்து வழிந்தாலும் அவருக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

சாயங்காலம் கதவு திறந்தது. மனைவி நின்றாள். பின்னாலேயே கீழ்வீட்டு அக்கா. அக்கா கையில் வகுப்பு விளம்பரத்துக்காக மெக்கானிக்கே பெரிதாக்கி எடுத்துக் கொடுத்த கலர் ஜெராக்ஸ். அதில் மனைவியின் முகம் அசல் அளவில் சிரித்தது.

"கேமரா முன்னாடி எட்டு தடவை காட்டினேன் தம்பி. கையே வலிக்குது. ஒரு தடவைகூட ஏமாத்தல உங்க மிஷின்!"

மனைவி செருப்பை வெளியிலேயே விட்டுவிட்டு ஹாலின் நடுவில் போய் நின்றாள். பளபளக்கும் தரையைப் பார்த்தாள்.

"நாளைக்கு ஆறு பேர் இங்க உக்காரப் போறாங்க," என்றாள். குனிந்து தரையை ஒரு தடவை தடவிப் பார்த்தாள்.

மெக்கானிக்குக்கு என்னவோ போலாகிவிட்டது. "பலகையைத் திருப்பிக் குடுத்துடறேம்மா," என்றார்.

"எதுக்குங்க? வீட்டுக்கு இவ்வளவு உபயோகமா இருக்கு. அடுத்த வாரம் சமையலறை. அக்கா சனிக்கிழமை சும்மாத்தான் இருக்காங்க."