தலைச்சுமைக்குக் கட்டம் இல்லை

உலகத்தில் கட்டக்காரர் என்றொரு இனம் உண்டு. நீங்கள் நினைக்கிற ஜோசியர் இல்லை, ஐயா. எதிரே யானையே வந்து நின்றாலும், கையிலுள்ள அச்சடித்த தாளில் யானைக்கு ஒரு கட்டம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே ஒதுங்குகிறவர். திண்டுக்கல்லில் ரோட்டு இலாகா குமாஸ்தா கஸ்பாரைப் பார்த்தால் போதும், இனம் முழுவதையும் பார்த்த மாதிரி. மாதா கோயில் பிரசங்கம் எப்படி என்றால் நாற்பது நிமிடம் என்பார். வெஞ்சனம் எப்படி என்று மனைவி இஞ்ஞாசியம்மாள் கேட்டால், "மூணு கரண்டி" என்பார். அந்த அம்மாள் கேட்பதையே விட்டுவிட்டார்.

1958 ஐப்பசியில் மேலிடத்து உத்தரவு வந்தது. கப்பலேறி வெளிநாடு போகிற சரக்கு எந்தப் பாதையில் அதிகம் போகிறதோ, அந்தப் பாதைக்குத்தான் ரோடு, பாலம் போடப் பணம். மூன்று நாள் உட்கார்ந்து, சரக்கோடு போகிற வண்டிகளை எண்ண வேண்டும். கஸ்பார் தன் சைக்கிளில் ஸ்டூலையும் குடையையும் கட்டிக்கொண்டு, சேக் பரீதின் தோல் ஷெட்டுக்குப் பக்கத்து ஓடைக்கரையில் போய் இறங்கினார்.

ஓடைக்கு அந்தப் பக்கம் பெரிய ரோடு. நடுவில் பாலம் கிடையாது, லாரியும் இறங்காது, மாட்டு வண்டியும் இறங்காது. ஆகவே, லண்டன் என்று மை பூசிய தோல் கட்டுகள் எல்லாம் சுமை தூக்கும் பெரியகருப்பனின் தலையில் ஏறி, முழங்கால் தண்ணீரைக் கடந்து, அக்கரையில் நிற்கும் லாரிக்குப் போயின. போன மாதம் பாசியில் வழுக்கி விழுந்ததில் அவனுடைய வலது முழங்கால் தேங்காயாக வீங்கியிருந்தது. பாலம் வராவிட்டால் அடுத்த மழைக்கு அந்தக் கால் தாங்காது.

இரண்டு நாள் ஒவ்வொரு கட்டையும் கஸ்பார் கண் கொட்டாமல் பார்த்தார். பார்த்துவிட்டு, லாரி பூஜ்யம், மாட்டு வண்டி பூஜ்யம் என்று அழகாக எழுதினார்.

"என்னா சார், லண்டன் சரக்கு ஒங்க மூக்குக்கு முன்னாடிதான போகுது?" என்றார் சேக் பரீது.

"போகுது பாய். எதுல போகுது?"

"தலையில."

"தலைக்குக் கட்டம் இல்லையே!"

கஸ்பாருக்கு நிஜமாகவே வருத்தம்தான். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கார், லாரி, பஸ், மாட்டு வண்டி, குதிரை வண்டி, சைக்கிள். தலை இல்லை. அரசாங்கத் தாளில் தானாக ஒரு கோடு போட அவர் என்ன கொலைகாரரா?

மூன்றாம் நாள் பெரியகருப்பன் அவருடைய சைக்கிள் அருகில் வந்து நின்றான். "சார், சைக்கிளுக்குக் கட்டம் இருக்குல்ல?"

"இருக்கே!"

"செத்த நேரம் குடுங்க."

கேரியரில் தோல் கட்டை வைத்துக் கட்டினான். அவனும் இன்னொரு ஆளுமாகச் சைக்கிளைக் கட்டோடு தோளில் தூக்கிக்கொண்டு ஓடையைக் கடந்தார்கள். கஸ்பார் எழுந்தே விட்டார். விதிகளை வரிவரியாகப் படித்தார். சக்கரம் தரையில் பட வேண்டும் என்று எங்குமே எழுதியிருக்கவில்லை. அவர் முகம் மலர்ந்த மலர்ச்சியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்!

"சைக்கிள் ஒண்ணு. சரக்கு, ஏற்றுமதி!"

அன்று நாற்பத்திரண்டு தடவை அந்தச் சைக்கிள் போயிற்று. காலியாகத் திரும்பி வந்ததை அவர் எழுதவில்லை. கட்டக்காரரிடம் பொய் கிடையாது.

மறுவருடம் பாலம் வந்தே விட்டது. ஒரு சைக்கிள் போகிற அகலத்தில்.

"லாரி எப்புடி சார் போகும்?" என்று தலையில் கை வைத்தார் சேக் பரீது.

"லாரி எண்ணிக்கைதான் பூஜ்யமாச்சே, பாய்!"

பெரியகருப்பன் கட்டைத் தலையில் ஏற்றிக்கொண்டு, பாதம் நனையாமல் அக்கரை போய்ச் சேர்ந்தான். "எனக்கு இம்புட்டு அகலம் போதும் சார்" என்று அங்கிருந்து கத்தினான்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் ஒன்று சொல்லுங்கள். அந்த முழங்கால் வீக்கம் வடிந்ததா என்று கேட்கத் தோன்றியதா, அல்லது ஒரே பகலில் நாற்பத்திரண்டு தடவை முடியுமா என்று மனதுக்குள் கணக்குப் போட்டீர்களா? இரண்டாவதுதான் என்றால் ஓடைக்கரைக்கு வாருங்கள். கஸ்பார் ஸ்டூலில் கொஞ்சம் நகர்ந்து உட்காருவார்.