மனம் தேறிய நாற்காலி

மணமுறிவு பெற்ற பெண்கள் தங்கள்மீது தாங்களே கருணை காட்டிக்கொள்ள வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. காட்டாதவர்களுக்கு மகளிர் குடியிருப்பில் அறை கிடையாது. இதற்காகவே கருணைவழி மனத்தேற்று நிலையம் என்று ஒன்றைத் திறந்து, அதுவரை தண்ணீர் வரி வசூலித்துக்கொண்டிருந்தவரைக் கருணை அலுவலராக உட்காரவைத்திருந்தார்கள்.

பஸ் கண்டக்டரம்மாவுக்கு அந்த அறை கிடைத்தே ஆகவேண்டும். விவாகரத்துக்குப் பிறகு அண்ணன் வீட்டு ஹாலில்தான் படுக்கை. அண்ணி ஒரு வார்த்தை சொன்னதில்லை. பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாக வைப்பாள், அவ்வளவுதான்.

நிலையத்தில் அவளுக்கு எதிரே ஒரு காலி மர நாற்காலியைப் போட்டார் அலுவலர்.

“அதுல நீங்கதான் உட்கார்ந்திருக்கீங்க. உங்ககிட்ட நீங்களே அன்பா நாலு வார்த்தை பேசுங்க.”

“நான் இங்க இருக்கேனே சார்?”

“அங்கயும் இருக்கீங்க.”

“அப்ப ரெண்டு டிக்கெட் ஆகுமே!”

அலுவலர் சிரிக்கவில்லை. கருணை விதிகளில் சிரிப்புக்கு இடமில்லை.

அவளும் முயன்றுதான் பார்த்தாள். ஆனால் காலில் கட்டுப் போட்ட பெண்ணொருத்தி தன் முறைக்காக வாசலில் நின்றுகொண்டிருந்தாள். சீட் காலியாக இருக்க, ஆள் நிற்பதைப் பார்த்துக்கொண்டு எந்தக் கண்டக்டரால் சும்மா இருக்க முடியும்? “வாம்மா, இப்படி உட்காரு” என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. அந்தப் பெண்ணும் அப்பாடா என்று உட்கார்ந்துவிட்டாள்.

அலுவலர் பதறிப்போனார். “என்ன காரியம் பண்ணிட்டீங்க! உங்க மேலயே இன்னொருத்தரை உட்கார வெச்சிட்டீங்களே!”

“கால்வலியோட நின்னாங்க சார்.”

“அது பிறர்மீது கருணை. அதுக்கு வேற துறை இருக்கு.”

பயிற்சி முடிந்ததும் அவர் மதிப்பீடு எழுதினார். மேற்படி நபர் இரண்டு இருக்கைகளில் பயிற்சி பெற்றார். ஒரு இருக்கையில் இருப்பவர் எதிர்த்துப் பேசுகிறார். மற்றவர் அழுவதில்லை, கோபப்படுவதில்லை, போட்ட இடத்தை விட்டு நகர்வதில்லை. ஆகவே முற்றிலும் மனம் தேறிவிட்டார். சான்றிதழும் அறையும் நாற்காலிக்கு ஒதுக்கப்பட்டன.

“அது நான்தானே சார்? அப்ப ரூம் எனக்குத்தானே?”

“தேறினது அவங்க. நீங்க இன்னும் தேறலையே. நெருங்கிய உறவுங்கிற முறையில வேணும்னா காத்திருங்க.”

கண்டக்டரம்மாவுக்கு அழுகை அழுகையாக வந்தது. ஒரு மர நாற்காலிக்குக் கதவு, ஜன்னல், தாழ்ப்பாள். அவளுக்கு அண்ணியின் பாத்திரச் சத்தம்.

செய்தி மாஜி கணவர் வீட்டுக்கும் எட்டியது. மாமியார் நேரிலேயே வந்து நாற்காலியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். “வாயே திறக்கல. அடக்கமா இருக்கு. சொந்தமா ரூம் வேற!” என்று பூரித்துப்போனாள். பதிவாளர் சட்டப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, ஏற்கெனவே மனைவியாக இருந்தவர்தானே, மறுபடி சேர்ந்து வாழத் தடையேதுமில்லை என்று முத்திரை குத்தினார். கணவர் புது மனைவியைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்.

கல்யாணமான நாற்காலிக்கு மகளிர் குடியிருப்பில் இடமில்லை. எனவே அறை நெருங்கிய உறவான கண்டக்டரம்மாவுக்கு வந்தது. அவள் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, யாருமில்லாமலேயே சிரித்தாள். அப்படி ஒரு சந்தோஷம்.

அது நீடிக்கவில்லை. ஒருநாள் நிலையத்திலிருந்து ஆள் அனுப்பி வரச்சொன்னார்கள். போனால், மாஜி கணவர் நிற்கிறார். பக்கத்தில் நாற்காலி. அதன் ஒரு கால் உடைந்து, கயிற்றால் கட்டியிருந்தது.

“சரிப்பட்டு வரல சார்” என்றார் அவர். “நான் வீட்டுக்குள்ள வந்தா எழுந்து நிக்கிறதே இல்ல.”

கால் எப்படி உடைந்தது என்று யாரும் கேட்கவில்லை. கண்டக்டரம்மாவுக்குக் கேட்கவேண்டிய அவசியமும் இல்லை. அந்த வீட்டில் அவளும் இருந்தவள்தானே.

அலுவலர் தொண்டையைக் கனைத்தார். “அவங்க திரும்பி வந்துட்டா, விதிப்படி ரூம் அவங்களுக்குத்தான். நீங்க மறுபடி அண்ணன் வீட்டுக்குப் போகவேண்டியிருக்கும். நீங்க என்ன சொல்றீங்க?”

அவள் நாற்காலியைப் பார்த்தாள். பாவமாகத்தான் இருந்தது. சாவியை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டாள். பிறகு நாற்காலியின் முதுகை மெல்லத் தடவிக் கொடுத்துவிட்டுச் சொன்னாள்:

“புருஷன்னா அப்படி இப்படித்தான் இருப்பாரு. நீதான் கொஞ்சம் அனுசரிச்சுப் போகணும்மா.”