லைட்டு காட்டியாச்சா?

போன வாரம் ஒருநாள் காலை ஐந்தரை மணிக்குச் செய்தி வந்தது: திருக்கோகர்ணத்தில் எங்கள் பக்கத்து வீட்டு வீரய்யா அண்ணன் மாரடைப்பில் போய்விட்டார். அவரோடு ஓர் இனமே அற்றுப்போயிற்று என்று எழுத ஆசைதான். ஆனால் லைட்டு காட்டுகிறவர்கள் அவ்வளவு லேசில் அற்றுப்போகிறவர்கள் அல்ல.

நீங்கள் பார்த்திருப்பீர்கள். கொரோனா போய், முகக்கவசம் போய், ஊரே பழையபடி ஒரே பொட்டலத்தில் கைவிட்டுக் கடலை தின்னத் தொடங்கிய பிறகும், பால் பாக்கெட், பேப்பர், பஸ் டிக்கெட், கோயில் திருநீறு என்று எது வாசலைத் தாண்டினாலும் ஊதா விளக்கைக் காட்டி, "வைரஸ் செத்துருச்சு, இனிமே தொடலாம்" என்று உத்தரவு கொடுப்பவர்கள். செத்ததை யார் பார்த்தது? கேட்டுவிடாதீர்கள். அலைநீளம் சொல்வார்கள்.

விளக்கை நம்ப முடியாத நாட்களில் அண்ணனுக்கு மைக்ரோவேவ்.

மகள் அன்புமொழிக்குக் கொடும்பாளூரில் சம்பந்தம். மாப்பிள்ளையின் அப்பா நாகராசு, முதல் பத்திரிகையைத் தாம்பாளத்தில் வைத்து நீட்டினார். அண்ணன் அதை இரண்டு விரலால் எடுத்துக்கொண்டு உள்ளே போனார். பூசையறைக்குத்தான் போகிறார் என்று சம்பந்தி நெகிழ்ந்துவிட்டார். போனது அடுப்படிக்கு. பத்திரிகையிலோ தங்க எழுத்து. மைக்ரோவேவுக்குள் தங்க எழுத்து என்ன செய்யும்? பட்டாசாய்ப் பொரிந்தது. மஞ்சள் தடவிய நான்கு மூலையும் கறுத்துப்போய் வெளியே வந்தது.

மூலையில் மஞ்சள் என்றால் கல்யாணம். கறுப்பு என்றால் கருமாதி.

நாகராசு எழுந்து துண்டை உதறினார். "இதை எந்தக் காரியத்துப் பத்திரிகைன்னு நான் எடுத்துக்கிறது?"

"ஒரு கிருமி மிஞ்சல சம்பந்தி," என்றார் அண்ணன்.

கல்யாணம் அந்த நிமிடம் நின்றேபோயிருக்கும். அன்புமொழிதான் பத்திரிகையை வாங்கி விரித்துப் பார்த்தாள்.

"மூலைதான மாமா கருகிருக்கு. தேதி நல்லாத்தான் இருக்கு. ஒங்க மகன் பேரும் தப்பிச்சிருச்சு."

நாகராசு அங்கிட்டுத் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்தோம். சிரித்துக்கொண்டிருந்தார். அதே தேதியில் கல்யாணம் நடந்தது. தாலிக்கும் நாயனத்துக்கும் அண்ணன் லைட்டு காட்டிய பிறகுதான்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். சிரித்து முடித்ததும் உங்கள் மேசை இழுப்பறையைத் திறந்து பாருங்கள். உள்ளே ஊதா விளக்கு கிடந்தால் பரவாயில்லை. அதில் புது பேட்டரி இருந்தால்தான் சங்கடம்.

நேற்று அண்ணனின் மருமகன் கருமாதிப் பத்திரிகை கொடுத்துவிட்டுப் போனார். நான்கு மூலையும் முறைப்படி கறுப்பு. என் மேசைமேல் கிடக்கிறது. இன்னும் வாசிக்கவில்லை. முன்பக்கத்துக்கு மட்டும்தான் காட்டியிருக்கிறேன், பின்பக்கம் பாக்கி.