தள்ளும்மா, நான் பாக்குறேன்

வாசகர்களே, இன்று நான் உங்களுக்கு அறிமுகப்படுத்தப்போவது ‘தள்ளும்மா, நான் பாக்குறேன்’ என்னும் இனத்தை. பக்கத்து வீட்டில் குழாய் ஒழுகினாலும், கேட் திறக்க மறுத்தாலும், கூரைக் காற்றாடி ‘கர்’ரென்றாலும், செருப்பை வாசலில் கழற்றி, சட்டைக் கையை மடித்து, கெட்டுப்போன பொருளுக்கும் அதன் சொந்தக்காரருக்கும் நடுவே வந்து நின்றுவிடுவார். கெட்டவரா? சேச்சே, தங்கமான மனுஷர். அதனால்தான் யாராலும் ஒன்றும் சொல்ல முடிவதில்லை.

மலேசியாவின் புக்கிட் செந்தோசாவில் எங்கள் வீட்டு வரிசைக்கு வாய்த்தவர் காளியண்ணன். ரவாங் தொழிற்சாலை ஒன்றில் முப்பது வருடம் இயந்திரங்களைப் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு அவருக்குத்தான், கைக்கு இல்லை. காதும் உண்டு. மூக்குக்கண்ணாடி மாட்ட.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. எதிர் வீட்டு நவமணியின் மகள் நித்தியாவுக்குப் பதினோரு மணிக்கு மடிக்கணினியில் நேர்காணல். அவள் வேலை செய்த கம்பெனி மூடி எட்டு மாதம் ஆகிறது. எத்தனையோ இடங்களுக்கு எழுதிப் போட்டு, கூப்பிட்டது இந்த ஒரு இடம்தான். ஒன்பதரைக்கு ஒத்திகை பார்க்கலாம் என்று திறந்தால், படம் வருகிறது, சத்தம் இல்லை. கூட்டிப் பார்த்தாள், அணைத்துப் போட்டாள். ஊமை! கைப்பேசியில் பேசலாமே என்கிறீர்களா? கணினியில் ஒரு சோதனையும் செய்து காட்ட வேண்டுமாம். நீங்களும் சும்மா இருங்கள்.

பதறிப்போன நவமணி வேலியோரம் நின்று, “அண்ணே, கொஞ்சம் வந்து பாருங்களேன்” என்றதுதான் தாமதம், காளியண்ணன் திருப்புளியோடு நடு வீட்டில் நின்றார்.

“தள்ளும்மா, நான் பாக்குறேன். ரெண்டு நிமிஷம் லா.”

“அங்கிள், நேத்து இயர்போன் போட்டுக் கேட்டப்ப நல்லாத்தான்…”

“எல்லாம் நேத்து நல்லாத்தாம்மா இருக்கும். கெடுறது இன்னிக்குத்தான்.”

மடிக்கணினியைக் கவிழ்த்தார். முதுகைத் தட்டினார், ஏப்பம் விடவேண்டிய குழந்தையைத் தட்டுவதுபோல. ஓட்டைகளில் ஊதினார். நிமிர்த்தி ஒரு பக்திப் பாடலைப் போட்டார். பாடகர் வாயைத் திறந்து திறந்து மூடினார். மறுபடி கவிழ்த்து நான்கு திருகாணிகளைக் கழற்றினார். கழற்றும்போதே கலும்பாங்கில் மச்சான் வீட்டுப் பிரிண்டரை உயிர்ப்பித்த கதையைத் தொடங்கினார். அது சாதாரணக் கதையா? மச்சானின் கல்யாணத்திலிருந்து ஆரம்பமாகும் கதை.

“அங்கிள், அந்த இயர்போனக் கழட்டி எங்க வெச்சேன்னு…”

“அது கிடக்குது விடும்மா, தேடிக்கலாம். முதல்ல இதப் பாப்போம்.”

பத்தே முக்கால். திருகாணிகள் மூன்று திரும்பி உள்ளே போயின. நான்காவதைக் காளியண்ணன் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். “இது கம்பெனிக்காரன் எக்ஸ்ட்ராவா வெச்சது” என்று மேசைமேல் வைத்தார். பாடலை மீண்டும் முழுச் சத்தத்தில் ஓடவிட்டார். ஒன்றும் கேட்கவில்லை. பெருமூச்சு விட்டுத் தீர்ப்புச் சொன்னார்: “ஃபார்மட் பண்ணிடுவோம். புதுசு மாதிரி ஆயிடும்.”

நித்தியாவுக்குக் கண்ணில் தண்ணீர் கட்டியது. சான்றிதழ்கள், படங்கள், எழுதிவைத்த பதில்கள் எல்லாம் அதற்குள்தான் இருந்தன. “வேணாம் அங்கிள்” என்றாள். அது அவர் காதில் ஏறவில்லை. காகிதத்திலாவது எழுதிக் காட்டலாம் என்று, ஆணியில் மாட்டியிருந்த கைப்பையை இழுத்துப் பேனாவைத் தேடினாள்.

பைக்குள் யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள்.

எறும்பு பாடினால் எப்படி இருக்குமோ அப்படி, மெல்லிசாக, அதே பக்திப் பாடல். முந்தின நாள் அம்மா சாப்பிடக் கூப்பிட்டபோது அவசரத்தில் பையில் போட்ட வயரில்லாத இயர்போன்! காலையிலிருந்து சத்தமெல்லாம் ஒழுங்காக அதற்குள் போய்க்கொண்டிருந்தது. நித்தியா அம்மாவின் காதில் கிசுகிசுத்தாள்.

“அண்ணே, தேத்தண்ணி ஆறுது, வாசல்ல காத்தாட உக்காந்து குடிங்க” என்று நவமணி அவரைக் கையைப் பிடிக்காத குறையாக வெளியே கொண்டுபோனாள்.

நித்தியா இயர்போனின் இணைப்பைத் துண்டித்தாள். வீடு அதிரப் பாட்டு கிளம்பியது. வாசலில் காளியண்ணன் தொடையைத் தட்டினார். “பாத்தியா நவமணி? நான் தட்டுன தட்டு, இப்பத்தான் வேலை செய்யுது!”

பதினோரு மணிக்குத் திரையில் மோகனா என்ற அதிகாரி வந்தார். சோதனை முடிந்தது. கடைசியாகக் கேட்டார்: “திடீர்னு ஒரு மெஷின் நின்னு போச்சுன்னா முதல்ல என்ன செய்வீங்க?”

எழுதிவைத்த பதில்களில் இதற்குப் பதில் இல்லை. நித்தியா வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்தாள்.

“அதுல வேலை செஞ்சவங்ககிட்ட என்ன நடந்துச்சுன்னு கேப்பேன், மேடம். அவங்க சொல்லி முடிக்கிற வரைக்கும் கேப்பேன்.”

மோகனா சிரித்துவிட்டார். வெள்ளிக்கிழமை வேலை உறுதியானது.

நவமணி கேசரி கிண்டி முதல் கிண்ணத்தைக் காளியண்ணன் வீட்டுக்கு அனுப்பினாள். கொண்டுபோன நித்தியா, மனசு கேட்காமல் உண்மையைச் சொன்னாள்.

“அங்கிள், அன்னிக்குச் சத்தம் முழுக்க என் பையிலதான் இருந்துச்சு.”

“பையனா? எந்தப் பையன்? பையனுங்களுக்கு இதெல்லாம் எங்கம்மா தெரியும்?” கேசரியை வாயில் போட்டுக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. நிஜமான சந்தோஷம். “எப்படியோ, உனக்கு வேலை கிடைச்சுதே, அது போதும்.”

சரி, காளியண்ணனைப் பார்த்து நன்றாகச் சிரித்தாயிற்று. இப்போது ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருந்தபோது வீட்டில் யாரோ பக்கத்தில் வந்து உங்களிடம் ஏதோ சொன்னார்கள், நீங்களும் ‘ம்ம்’ என்று தலையாட்டினீர்கள்.

என்ன சொன்னார்கள்?