கொலைகாரன் யாரென்று உடன் அறியத்தரவும்

மருதமுனை,
09.08.2005

அன்புள்ள மச்சான் முஸ்தாக் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கட்டார் வெயில் உங்களை அதிகம் வாட்டாமல் அல்லாஹ் காக்கட்டும். இங்கு நானும், என் தங்கச்சியும் உங்கள் மனைவியுமான றம்ஸியாவும், பிள்ளைகளும் சுகம். இதை டெலிபோனில் கேட்டிருக்கலாம். ஆனால் நீங்கள் பேசும் வெள்ளிக்கிழமைகளில் றிசீவர் றம்ஸியாவின் காதை விட்டு என் கைக்கு வந்ததே இல்லை. விஷயம் அவசரம். நீங்கள் எங்கள் வாசிகசாலையில் எடுத்து இரண்டு வருஷம் வைத்திருந்த அந்தத் துப்பறியும் நாவலில், தேயிலைத் தோட்டத்துத் துரையைக் கொன்றது யார்?

சிரிக்க வேண்டாம். சுனாமியோடு எங்கள் ஒன்பதாயிரம் புத்தகமும் போனது உங்களுக்குத் தெரியும். மிஞ்சியவை, எடுத்துக்கொண்டு போய்த் திருப்பித் தராதவர்களிடம் இருந்தவை மட்டும்தான். பத்தொன்பது வருஷமாக நான் யாரையெல்லாம் தபாலட்டை போட்டு விரட்டினேனோ, யார் பெயரையெல்லாம் வாசலில் ஒட்டி மானத்தை வாங்கினேனோ, அவர்கள் ஒவ்வொருவராகப் பையோடு வந்தார்கள். அங்கத்துவத்தையே நான் வெட்டிவிட்ட ஜெமீல் மூன்று புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டு, "நான் ஒழுங்கா நடந்திருந்தா இதுகளும் கடலுக்குள்ளதான் காக்கா" என்றான். எழும்பி நின்று நன்றி சொன்னேன், பால் விடாத பிளேன்ரீயும் வாங்கிக் கொடுத்தேன். இப்படி மொத்தம் பதினொரு புத்தகம் சேர்ந்தது.

இந்த நேரம் பார்த்து உதவி நிறுவனத்து அம்மணி ஒருவர் பச்சைப் பலகை ஒன்றைத் தந்து, 'ஊழியர் சிபாரிசு' என்று தலைப்பிட்டு, ஒவ்வொரு துறையிலும் ஒரு நூலை வாராவாரம் எழுதச் சொல்லிவிட்டுப் போனார். ஊழியர் என்றால் நானும் உதவியாளர் றஸ்னாவும். பதினொரு புத்தகத்தை வைத்துக்கொண்டு எத்தனை வாரம் ஓட்டுவது? கோழி வளர்ப்பு நூலை முதல் வாரம் விவசாயத்திலும் மறுவாரம் சிறுவர் பகுதியிலும் போட்டோம். சமையல் நூலை அகதி முகாமுக்குக் கொடுத்ததில், நிவாரணப் பருப்பைத் தின்றுகொண்டிருந்த பெண்களுக்கு ஒருத்தி பிரியாணிச் செய்முறையைச் சத்தமாக வாசித்திருக்கிறாள். சண்டைக்கு வருவார்கள் என்று பயந்தேன். வந்தார்கள், இரண்டாம் பாகம் இருக்கிறதா என்று கேட்க. வீடு கட்டும் நூலைச் சிபாரிசு செய்ததற்கு கிராம சேவகரே நேரில் வந்து, "கடற்கரையில இருநூறு மீற்றருக்குள்ள கட்டப்படாதெண்டு நான் தொண்டை கிழியக் கத்துறன், நீங்க காத்தோட்டத்துக்குக் கடலப் பாத்த ஜன்னல் வைக்கச் சொல்லிப் பலகை மாட்டியிருக்கிறீங்க" என்று மூக்கால் அழுதார்.

அதற்குப் பிறகுதான், உங்களுக்குப் பின் ஜெமீல் எடுத்துப் போய் இப்போது கொண்டுவந்த அந்த நாவலைப் பலகையில் எழுதினேன். 'ஒரே மூச்சில் வாசித்தேன். முடிவு திகைக்க வைக்கும். அபூசாலி, நூலகர்.' மச்சான், உங்களிடம் மட்டும் சொல்கிறேன். நான் வாசிக்கவில்லை. எந்த நாவலையும் முடிய வாசித்தது கிடையாது. புத்தகத்தைக் கொடுப்பதும் வாங்குவதும்தான் என் வேலை என்று இத்தனை வருஷம் இருந்துவிட்டேன். அந்த நாவலின் கடைசிப் பதினாறு பக்கத்தை ஜெமீல் வீட்டு ஆடு தின்றுவிட்டதையும் நான் கவனிக்கவில்லை.

கவனித்தவர் பாண்டிருப்புச் செல்லத்தம்பி அண்ணன். அவர் மனைவி பூமணியைக் கடல் கொண்டு போனது. ஏழு மாதமாக முகாமில் யாரோடும் ஒரு வார்த்தை கதைக்காமல் இருந்த மனிதர். புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனவர் மூன்றாம் நாள் வந்து என் முன்னால் உட்கார்ந்தார்.

"காக்கா, கடைசிப் பக்கங்களக் காணல்ல. நீங்க வாசிச்ச ஆள்தானே. ஆரு கொன்ற?"

"அத இப்பவே சொன்னா ருசி போயிரும் அண்ணன். உங்களுக்கு ஆர்ல சந்தேகம்?" என்று தப்பித்தேன். சமையற்காரனில் என்றார். ஏன் என்றேன். அன்று இரண்டு மணித்தியாலம் கதைத்தார். மறுநாள் டாக்டரில் சந்தேகம். அதற்கடுத்த நாள் மருமகனில். நானும் அவரிடமே இரவல் வாங்கி இருநூறு பக்கத்தையும் வாசித்து முடித்துவிட்டேன், அவரோடு ஈடுகொடுத்துக் கதைக்க வேண்டுமே. நேற்று என் ஊகத்தைக் கேட்டுச் சிரித்தார். சிரித்ததைப் பார்த்து றஸ்னா உள்ளே போய் அழுதுவிட்டு வந்தாள். இனியும் சாட்டுச் சொல்ல முடியாது. நான் பொய்யன் என்று தெரிந்தால் அவர் வரமாட்டார். திரும்பவும் அந்த முகாமில் வாய் மூடிக்கொண்டு இருந்துவிடுவார் என்று எனக்குப் பெரிய பயமாக இருக்கிறது.

நீங்கள் முழுக்க வாசித்தீர்கள் என்பதற்குச் சாட்சி உண்டு. நாலு பேரின் பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் 'இவன்தான்' என்று எழுதி, நாலையும் நீங்களே வெட்டியிருக்கிறீர்கள். பொதுப் புத்தகத்தில் எழுதிய குற்றத்தை மன்னிக்கிறேன். கொலைகாரனை மட்டும் உடன் அறியத்தரவும்.

றம்ஸியாவும் பிள்ளைகளும் சலாம் சொல்லச் சொன்னார்கள். உங்கள் உழைப்பில் அல்லாஹ் பறக்கத் செய்வானாக.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்,
மு. அபூசாலி

பி.கு.: கடிதத்தைத் தபாலில் போடுமுன் ஒன்று நடந்துவிட்டது. சேற்றில் எடுத்த பழைய இரவல் பதிவேட்டை வெயிலில் காயவைத்து, றஸ்னா தாள் தாளாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். சத்தமில்லாமல் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். அந்த நாவலை 1990இல் எடுத்தவர் செல்லத்தம்பி. 1992இலும் அவர்தான். 1994இல் எடுத்தது பூமணி செல்லத்தம்பி. ஆடு தின்னுமுன்னரே அந்த வீட்டில் மூன்று தரம் வாசித்திருக்கிறார்கள்.

பதிவேட்டை மூடி அலுமாரிக்குள் வைத்தோம். இன்றும் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு வந்தார்.

"காக்கா, இண்டைக்காவது சொல்லுவீங்களா?"

"நாளைக்குச் சொல்றன் அண்ணன்."

"ஓம், நாளைக்கு வாறன்" என்று கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

ஆகவே மச்சான், கொலைகாரனை எழுத வேண்டாம். டெலிபோனில் றம்ஸியாவிடமும் சொல்லிவிட வேண்டாம். பதிலில் உங்கள் சுகம் மட்டும் எழுதவும். எங்களுக்கு இன்னும் அந்தச் சமையற்காரனில் சந்தேகம் தீரவில்லை.